உன் வண்டிக்கு ஏற்ற செயின்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் சுகம். முழங்கால் வலி பாதி குறைந்துவிட்டது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் வண்டியை விற்கவில்லை. நீ அனுப்பிய ஆளைத் திருப்பி அனுப்பியது நான்தான். கோபப்படுவதென்றால் என்மேல் படு, உன் பெண்டாட்டியை விட்டுவிடு.

அவள் உன் வண்டியில் என்னைச் சிகிச்சைக்குக் கூட்டிப்போகும்போது, ஆஸ்பத்திரி மேட்டில் செயின் கழன்று இருவரும் சாய்ந்தோம், உண்மைதான். எனக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை. ஆனால் நீ போனில் கத்தியதில் அவள் முகம் சுண்டிப்போனது.

மறுநாள் வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்துவிட்டாள். பழைய செயினைக் கழற்றி, மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, அதில் பொறித்திருந்த 428 என்ற அளவு எண்ணைப் படித்தாள். கண்ணிகளை எண்ணினாள், நூற்றுப் பதினெட்டு. நானும் எண்ணப் பார்த்தேன், பாதியில் தலை சுற்றியது.

கடைக்கு நானும் போனேன். கடைக்காரர் 520 என்ற செயினை எடுத்துப் போட்டு, “இது தடியா இருக்கும்மா, ரொம்ப நாள் உழைக்கும்” என்றார். “அதையே வாங்கிடும்மா” என்றேன் நானும். அவள் உன் வண்டிக்கான புதுப் பல்சக்கரத்தைக் கேட்டு வாங்கி, அதன்மேல் செயினைச் சுற்றிக் காட்டினாள். இரண்டு பல்லில் உட்கார்ந்தது, மூன்றாவதில் ஏறி நின்றுவிட்டது. “தடி முக்கியமில்ல அத்தை, பல்லுல உக்காரணும்” என்றாள்.

பிறகு 428 வந்தது. பழையதோடு சேர்த்துப் பிடித்த கடைக்காரர், குட்டையாக இருக்கிறதே, நீளமானது தரட்டுமா என்றார். பழையது தேய்ந்து நீண்டிருக்கிறது, கண்ணிக் கணக்கு ஒன்றுதான் என்றாள் இவள். அவர் எண்ணிப் பார்த்துச் சிரித்துவிட்டார். பல்சக்கரங்களையும் சேர்த்து வாங்கிவந்து அவளே மாட்டினாள். இதெல்லாம் எங்கே கத்துக்கிட்டே என்று கேட்டேன். “அவரு வண்டியைப் பிரிக்கும்போதெல்லாம் டார்ச் புடிச்சது நான்தானே?” என்றாள்.

நேற்று அதே மேட்டில் ஏறினோம். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தேன். வண்டி ஒரு திணறல் இல்லாமல் ஏறியது. ஆஸ்பத்திரியில் ஊசி போட வந்த நர்ஸிடம்கூட, “என் மருமக மாட்டின செயின்” என்று சொல்லிவிட்டேன். உன் பெண்டாட்டி வெட்கப்பட்டு என் கையைக் கிள்ளினாள்.

நீ கூப்பிட்டால் போனை என்னிடம் நீட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறாள். ஆனால் நாம் பேசி முடிக்கும்வரை அங்கே ஒரு பாத்திரச் சத்தம்கூட வருவதில்லையப்பா. இந்த முறை என் முழங்காலைப் பற்றி விசாரிக்காதே. அவளைக் கூப்பிடு.

இருவரும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அம்மா