செல் பட்ட கை

கிளிநொச்சி
12.02.2024

அன்பின் யூலிற்றா அக்கா,

சுகமாக இருக்கிறீர்களா? போன மாதம் தோல் கிளினிக்கில் உங்களோடு அரை மணித்தியாலம் கதைத்த தேனுகா எழுதுகிறேன். போன் மகளின் கையில் இருக்கும், கடிதமாகப் போடுங்கோ என்றீர்கள்.

உடற்குறையோடு வாழ்பவர்களைப் பற்றி ஆராய்வது என் வேலை. மூன்று வருடமாகத் தொழுநோயால் ஒதுக்கப்பட்டவர்களைத் தேடிப் போகிறேன். ஒட்டுசுட்டான் பக்கம், மருந்து குடித்து முழுதும் குணமான ஒருவரை ஊர்க் கிணற்றில் தண்ணீர் அள்ள விடுகிறார்களில்லை. இன்னொருவரின் பேரப்பிள்ளையை முன்பள்ளியில் தனிக் கதிரையில் இருத்துகிறார்கள். எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். "பாவங்கள்" என்று இரக்கப்பட்டுவிட்டு உத்தியோகத்தர்கள் கோப்பை மூடிவிடுகிறார்கள்.

அடுத்த மாதம் இங்கே ஒரு கூட்டம். உத்தியோகத்தர்கள் இருபது பேர் வரை வருவார்கள். நீங்கள் வந்து பத்து நிமிடம் கதைப்பீர்களா?

அன்புடன்,
வீ. தேனுகா


முல்லைத்தீவு
23.02.2024

அன்புள்ள தங்கச்சிக்கு,

ஆண்டவர் காப்பாற்றுகிறார், நலம். உங்கள் கால் நோ எப்படி? பொய்க்காலோடு அவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்து போகிறீர்கள் என்று என் மனுசன் பேதுருவிடம் சொன்னேன்.

கூட்டத்துக்கு நான் எப்படி வருவது? கிளினிக்கில் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். என் வலது கை விரல்கள் மடங்கியது செல் குண்டு பட்டதால் என்றுதான் ஊர் நினைக்கிறது. நான்தான் அப்படிச் சொன்னேன். 2013 இல் இந்த நோய்க்கு மருந்து தொடங்க முதலே விரல்கள் மடங்கிவிட்டன. மீன் வெட்டும்போது பக்கத்து மனிசி, "என்னடி கைக்கு?" என்று கேட்டாள். "கடைசிச் சண்டையில மாத்தளனில செல் பட்டது, இப்பதான் நரம்பு இழுக்குது" என்று வாயில் வந்துவிட்டது. அவள் அழுதேவிட்டாள். அன்று என் மீன்கூடையையும் அவளே தூக்கி வந்தாள்.

இங்கே செல் பட்ட கைக்கு மரியாதை இருக்கிறது. நோய் தின்ற கைக்கு இல்லை.

உண்மை பேதுருவுக்கு மட்டும் தெரியும். மகள் டக்சாயினிக்கும் தெரியாது. அவளுக்கு ஆவணியில் கலியாணம். மாப்பிள்ளை துசியந்தன் நல்ல பொடியன், சொந்தப் படகு வைத்திருக்கிறான். என்னை விட்டுவிடுங்கோ.

யூலிற்றா


முரசுமோட்டை
02.03.2024

அன்பின் அக்கா,

உங்கள் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். காரியாலயத்தில் வைக்க மனமில்லாமல் வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன்.

எனக்குக் கால் போனது பதினைந்து வயதில், செல்லில். பஸ்ஸில் எழும்பி இடம் தருகிறார்கள். அந்த இடம் கிடைக்க உங்களுக்கு ஒரு பொய் தேவைப்பட்டிருக்கிறது. அந்த உத்தியோகத்தர்கள் கேட்க வேண்டியது இதைத்தான், அக்கா. நான் சொன்னால் அது அறிக்கை. நீங்கள் சொன்னால் அவர்களால் கோப்பை மூட முடியாது.

பெயரும் ஊரும் சொல்ல வேண்டாம். படம் எடுக்க விடமாட்டேன். கதவு சாத்தியிருக்கும். நான் பொறுப்பு.

உங்கள் தேனுகா


முல்லைத்தீவு
25.03.2024

என் அன்புத் தங்கச்சிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். கதைத்து முடிந்ததும் அந்தப் பெரிய உத்தியோகத்தர் அம்மா எழும்பி வந்து என் கையைப் பிடித்தா. என்ன நோய் வருத்தம் என்று தெரிந்தும் இந்தக் கையைப் பிடித்தது, பேதுருவுக்குப் பிறகு, அவாதான். முன்பள்ளிப் பிள்ளையை மற்றப் பிள்ளைகளோடு இருத்த வேண்டும் என்று அந்த இடத்திலேயே சொன்னா.

பஸ்ஸில் காரணமில்லாமல் சிரிப்பு வந்தது. பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும்.

யூலிற்றா அக்கா


முல்லைத்தீவு
09.05.2024

தங்கச்சிக்கு,

கலியாணம் நின்றுவிட்டது. கூட்டத்தில் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்த பிள்ளை துசியந்தனின் தாய்க்கு உறவாம். கோயில் திருநாளில் என்னைக் கண்டிருக்கிறாள். கெட்ட எண்ணத்தோடு சொல்லியிருக்கமாட்டாள். துசியந்தன் வீட்டார் வந்து, படலைக்கு வெளியில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார்கள். இரண்டு கிழமையாக என் கருவாட்டை ஒருவரும் வாங்கவில்லை.

டக்சாயினி அழவில்லை. "வருத்தம் வந்தது உங்கட பிழையில்லை அம்மா. ஆனா எனக்கும் செல்லெண்டுதானே சொன்னியள்? உங்கட கையைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில கட்டுரை எழுதிப் பரிசு வாங்கினனான்" என்றாள். அதற்குப் பிறகு என்னோடு கதையில்லை.

நீங்கள் படித்தவர். துசியந்தன் வீட்டில் ஒருக்கால் கதைத்துப் பார்ப்பீர்களா?

யூலிற்றா


முரசுமோட்டை
28.05.2024

அன்பின் அக்கா,

ஞாயிற்றுக்கிழமை போனேன். துசியந்தனின் தாய் கதிரையைத் துடைத்துப் போட்டு, "கால் நோகும், இருங்கோ பிள்ளை" என்றா. வைத்தியரின் கடிதத்தைக் காட்டினேன். குணமானவரிடமிருந்து தொற்றாது, டக்சாயினிக்கு நோயே இல்லை என்று எல்லாம் விளங்கப்படுத்தினேன். பொறுமையாகக் கேட்டா. பிறகு,

"பிள்ளைக்குச் சகோதரங்கள் இருக்கோ?" என்றா.

"ஓம், ஒரு அண்ணா. இன்னும் கலியாணம் முடிக்கேல்லை."

"அப்ப அந்தப் பெட்டையை அவருக்குச் செய்யுங்கோவன்."

உடனே 'செய்யிறம்' என்று சொல்லியிருக்க வேண்டும், அக்கா. என் அம்மாவின் முகம் முன்னால் வந்து நின்றது. வாய் திறக்கவில்லை. துசியந்தனின் தாய், "பாத்தியளே" என்று மட்டும் சொன்னா. கோபமாகக்கூட இல்லை.

வீட்டுக்கு வந்து, அண்ணாவுக்கு டக்சாயினியைச் செய்வமா என்று அம்மாவிடம் கேட்டேன். "உனக்கென்ன விசரே?" என்றா. இத்தனை வருடமாக இந்த வேலையைத்தான் செய்கிறேன் என்று அவாவுக்குத் தெரியும்.

நான் பொறுப்பு என்று எழுதியது நான்தான். மன்னியுங்கோ என்று கேட்கவும் கூசுகிறது. ஆனாலும் பதில் போடுங்கோ.

தேனுகா


முல்லைத்தீவு
14.10.2024

அன்பான தங்கச்சி தேனுகாவுக்கு,

பிறகு நீங்கள் போட்ட இரண்டு கடிதமும் கிடைத்தன. பதில் போடவில்லை என்று குறை நினைக்க வேண்டாம்.

டக்சாயினி வவுனியாவுக்கு கார்மென்ட்ஸ் வேலைக்குப் போய்விட்டாள். பேதுரு போய்ப் பார்த்துவிட்டு வந்தார். தாய் செல்லில் செத்துப்போனா என்று கூட இருக்கிற பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறாளாம். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவளுக்கு அது உதவும்.

நீங்கள் வாய் திறக்காததில் எனக்குக் கோபமில்லை. நான் முதன்முதல் கிளினிக்குக்குப் போன நாள், விரல்களே இல்லாத ஒரு வயதான ஐயா எழும்பி எனக்குத் தன் கதிரையை விட்டார். நான் அதில் இருக்கவில்லை. மத்தியானம் வரைக்கும் நின்றுகொண்டே இருந்தேன். அவர் ஒருக்கால்தான் என்னைப் பார்த்தார்.

உங்கள் ஆராய்ச்சியில் என்னை எழுதுங்கோ. பெயர் வேண்டாம். இன்னொரு மனிசியைக் கூட்டத்துக்குக் கூப்பிட முதல், அவளுக்குக் கலியாண வயதில் பிள்ளை இருக்கிறதா என்று கேளுங்கோ.

இனிக் கடிதம் போட வேண்டாம். முந்தித் தபால்காரர் மணி அடித்து, கையில் தந்து, இரண்டு கதை கதைத்துவிட்டுத்தான் போவார். இப்போது வேலிக் கம்பியில் செருகிவிட்டு, சைக்கிளால் இறங்காமலே போகிறார். எங்கள் வீட்டுக்கு வேறு ஒருவரும் கடிதம் போடுவதில்லை. நீங்களும் போடாவிட்டால் அவர் வரவும் தேவையில்லை, நான் அதைப் பார்க்கவும் தேவையில்லை.

காலைக் கவனமாகப் பாருங்கோ.

யூலிற்றா