மட்டையில் போகும் பெயர்

கொலோன் அருகே, 24.03.1987

அன்பு மகன் எமிலியானுக்கு,

மாதாவின் துணையோடு அப்பா, நான், தங்கச்சி கொறற்றி மூவரும் ஹைம் என்கிற இந்த அகதி விடுதியில் சுகமாக இருக்கிறோம். நீயும் அந்த ரொறன்ரோக் குளிரில் தடிமன் காய்ச்சல் அண்டாமல் இருக்க வேண்டுமென்று நாள்தோறும் செபிக்கிறேன். உன் கடிதம் போன கிழமை கிடைத்தது, வாசித்துவிட்டு அப்பா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். அங்கே உனக்குக் கிட்ட இருக்கும் பேர்பெச்சுவா அக்கா தன் மகனுக்கு நம் கொறற்றியைப் பொம்பிளை கேட்டிருக்கிறா, ஆனால் பெட்டை பாட்டுக்காரியாய்த் திரிகிறாள் என்று ஆரோ அவவின் காதில் போட்டுவிட்டார்கள், பாட்டு றெக்கோட்டின் மட்டையில் பெயரும் படமும் வந்தால் சம்பந்தம் குழம்பிப்போகும், உடனே எடுப்பிக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். எனக்கும் அது சரியென்றே பட்டது. இனி எழுதப்போவதை முழுவதும் வாசித்த பிறகு கோபி, இடையில் கோபிக்காதே.

எங்கள் மாடியில் இருக்கும் கானா நாட்டு அபெனா, தன் தங்கையையும் கொறற்றியையும் சேர்த்துப் பாட்டுக் குழு ஒன்று வைத்திருப்பது உனக்குத் தெரியும். வாத்தியம் வாசிப்பது ஜெர்மன்காரப் பெடியன்கள், பாடுவது இவர்கள் மூவரும். சோல், ஃபங்க் என்று அந்தப் பாட்டுகளுக்குப் பெயர். சோல் என்றால் நெஞ்சுருகிப் பாடுவது, ஃபங்க் என்றால் சும்மா இருக்கிற காலும் ஆடும், எனக்கு விளங்கியது அவ்வளவுதான். ஹைம் சமையலறையில் நின்று பாடிப் பழகும்போது நான் எத்தனையோ தரம் பானையை அடித்து வைத்து ஏசியிருக்கிறேன். இப்போது எட்டுப் பாட்டு வைத்து முழு றெக்கோட் ஒன்றைக் கொலோனில் பதிகிறார்கள்.

நாங்கள் அனுமதியில்லாமல் இந்த ஊரெல்லை தாண்டக் கூடாது. அதனால் வெளிநாட்டவர் கந்தோரில் கெஞ்சி அனுமதி எடுத்து, உன் கடிதத்தையும் கைப்பையில் வைத்துக்கொண்டு, சனிக்கிழமை கொறற்றியோடு ரெயின் ஏறினேன். பெயரை எடுங்கோ, படத்தை எடுங்கோ, பிள்ளையை விடுங்கோ என்று சொல்லத்தான் போனேன். இறங்கும்போது அவள், அம்மா, நீங்கள் சொல்லுறதைச் சொல்லுங்கோ, ஆனால் ஒருக்கால் பாட்டைக் கேட்டுப்போட்டுச் சொல்லுங்கோ என்றாள்.

பாட்டுப் பதிகிற இடத்தில் ஒரு கண்ணாடிச் சுவர், அதற்கு அந்தப் பக்கம் பதிகிறவர் இருக்கும் அறை முழுக்கச் சிகரெட் புகை. எனக்கு மூச்சிழுப்பு வருமென்று பாடுகிற அறையின் மூலையில் ஒரு கதிரை போட்டு, சத்தம் கூடாதென்று வாயில் விரல் வைத்துக் காட்டி இருத்தினார்கள். அபெனா ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக் முன்னால் நின்றாள். வாத்தியமெல்லாம் முதலே பதிந்தாயிற்றாம், அது அவள் காதுக்கு மட்டும் கேட்கும், எனக்குக் கேட்டது வெறுங்குரல்தான். அவள் ஓரடி பாடி நிறுத்துகிறாள், பதில் இல்லை. அடுத்த அடியைப் பாடி நிறுத்துகிறாள், அதற்கும் பதில் இல்லை. அந்த இடங்களை மற்றப் பிள்ளைகள் பிறகு தனியாகப் பாடிச் சேர்ப்பார்களாம், அது எனக்கு எப்படித் தெரியும்? நம் கோயிலில் தபசுகாலத்தில் ஒருவர் அடியெடுத்துக் கொடுத்தால் பெண்கள் நாங்கள் உடனே வாங்கிப் பாட வேண்டும், பிந்தினால் மூப்பர் திரும்பி முறைப்பார். ஒருத்தி நெஞ்சு வெடிக்கப் பாட, வாங்கிப் பாட ஆளில்லாமல் விடுகிறதா? அவள் மூன்றாவது தரம் நிறுத்தியதும் என்னையறியாமல் வாய் திறந்துவிட்டது. அவளுடைய கடைசிச் சொல்லையே வாங்கி, பெரிய வெள்ளிக்கிழமை மாதா புலம்பலைப் பாடுகிற மாதிரி ஏற்றி இழுத்து இறக்கிவிட்டேன்.

கண்ணாடிக்குப் பின்னால் எல்லாரும் எழும்பிவிட்டார்கள். பதிகிறவர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். பிள்ளையின் வேலையை நாசமாக்கிப்போட்டேனே என்று தெரிந்த ஜெர்மனில் எல்லாம் மன்னிப்புக் கேட்டேன். அந்த மனிசன் ஏதோ சொல்ல, கொறற்றி அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை, பிழையில்லையாம் அம்மா, இன்னொருக்கால் அப்பிடியே பாடட்டாம் என்றாள். என் தலையிலும் ஹெட்போனை மாட்டினார்கள். ஐயோ எமிலியான், அப்போதுதான் அந்த வாத்தியம் கேட்டது. பேஸ் கிற்றார் வயிற்றுக்குள் இடிக்கிறது, ட்ரம்ஸ் குதிக்காலைத் தூக்குகிறது, இந்த வயதில் நான் ஆடிக்கொண்டு நின்றேன் என்றால் நம்புவாயா? கொறற்றியும் வந்து பக்கத்தில் நின்றாள், அபெனா கொடுக்கக் கொடுக்க நாங்கள் இருவரும் வாங்கிப் பாடினோம். ஊரைவிட்டு வந்தது தொட்டு இந்தப் பிள்ளை வாய்விட்டு அழுததில்லை, உனக்கும் தெரியும். அழாததெல்லாம் அந்தக் குரலில் இருக்கிறது. எனக்குப் பெருமையாய் இருந்தது, இத்தனை நாள் காது கொடுக்கவில்லையே என்று வெட்கமாயும் இருந்தது.

பாடி முடிய, வாத்தியக்காரப் பெடியன் ஒருவன் றெக்கோட் மட்டையில் பெயர்களை எப்படிப் போடுவதென்று கேட்டான். கொறற்றி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் பெயரை நானே எழுத்துக்கூட்டிச் சொன்னேன். அதற்குக் கீழே என் பெயரையும் போடச் சொன்னேன். ஹைமுக்கு வந்து அப்பாவிடம் சொல்ல, அவர், இனி உன்னையும் எல்லோ பொம்பிளை கேட்டு வரப்போகினம் என்று பகிடி விட்டுவிட்டு, தனக்கு அதை ஒருக்கால் பாடிக் காட்டட்டாம் என்று அன்று தொட்டு ஒரே கரைச்சல்.

ஆண்டவர் உனக்கு நல்ல சுகமும் நல்ல புத்தியும் தரட்டும். நேரத்துக்குச் சாப்பிடு, ஞாயிறு பூசையை விடாதே. கோடையில் றெக்கோட் வரும், ஒன்று உனக்கு அனுப்புவேன். அதை நீயே பேர்பெச்சுவா அக்கா வீட்டுக்குக் கொண்டுபோய், நல்ல சத்தமாகப் போட்டுக் காட்டு. தாயும் பெட்டையும் சேர்ந்துதான் பாடினவை என்று மறைக்காமல் சொல்லு. அவர்களுக்குப் பிடித்தால் மேலே பேசுவோம். பிடிக்கவில்லையென்றால் ஒரு சண்டையும் வேண்டாம், றெக்கோட்டை மட்டும் திருப்பி வாங்கிக்கொண்டு வா.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா,
டொறத்தி