கூடுதல் டிஸ்க்

அன்பு மகளே,

உன் பழைய வீடியோ கேம் பெட்டியில் இடமே இல்லையாம். புது ஆட்டம் போட உன்னுடையதை அழிக்கச் சொல்லி உன் தங்கை நச்சரித்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கே போய்விட்டேன்.

“எதுக்கு சார் வீண் செலவு? பழசை அழிச்சா போதுமே” என்றார் மெக்கானிக்.

“அது பெரியவளோடது, பாதியில நிக்குது. கை வைக்காதீங்க” என்றேன். அவர் கூடுதலாக ஒரு ஹார்ட் டிஸ்க் மாட்டி முடிக்கும்வரை நான் பக்கத்தைவிட்டு நகரவில்லை.

நீ அம்மாவுக்கு மட்டும் அனுப்பிய கல்யாணப் படத்தை அவள் காட்டினாள். மாப்பிள்ளை நல்ல உயரம்.

வீட்டுக்கு வந்து ஆட்டத்தைப் போட்டுப் பார்த்தேன். உன் ஆட்டத்துப் பெண் அவள் வீட்டு வாசலிலேயே நிற்கிறாள். எந்தப் பட்டனை அழுத்தினால் உள்ளே வருவாள் என்று எனக்குத் தெரியவில்லை. நீயும் மாப்பிள்ளையும் வந்து சொல்லிக்கொடுங்கள்.

உன்
அப்பா