இழுப்பு

21-12-1981
நெல் அவித்தேன். இறக்க மறந்து அடி பிடித்துவிட்டது. என் மகன் சுப்ராயன் போய் ஒரு மாதம் ஆகப்போகிறது. அவன் டம்ளரை இன்னும் கழுவிக் கவிழ்க்கிறேன். அழுகைதான் வரவில்லை. வரிச்சிக்குடி முழுக்க அதையும் பேசுகிறார்கள்.

23-12-1981
நர்ஸம்மா வந்தார். மதுரைப் பக்கத்துக்காரர். சுப்ராயன் போவதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் அவனுக்கு முத்தடுப்பு ஊசி போட்டிருந்தோம். "ஊசி போட்டப்புறம் புள்ளைக்கு என்ன செஞ்சுச்சு?"
"இழுப்பு வந்துச்சுங்க. போயிட்டான்."
வேறு என்ன சொல்ல? அப்புறம் ஊசி போட்ட வீடுகளுக்கெல்லாம் போய், "இழுப்பு வந்துச்சா?" என்றே கேட்டாராம். நிறையப் பேர் ஆமாம் என்றார்களாம்.

2-1-1982
ஊரில் முத்தடுப்பு ஊசியை நிறுத்திவிட்டார்கள். "நல்லதாப் போச்சு. அல்லிக்குப் போட வுடமாட்டேன்" என்றார் வீட்டுக்காரர். சுப்ராயனின் தங்கை, கைக்குழந்தை அவள். நானும் தலையாட்டினேன்.

9-1-1982
பக்கத்துத் திருவேட்டக்குடியில் கக்குவான் இருமல். அதைத் தடுக்கவும்தானாம் அந்த முத்தடுப்பு ஊசி. மீன்காரம்மா சொன்னாள், "புள்ளைங்க இருமி இருமி நீலமா ஆவுதுங்க."

16-1-1982
பொங்கல் வைக்கவில்லை. இன்று டாக்டர் வந்தார். நர்ஸம்மா ஊரில் இழுப்பு என்றால் கைகால் வெட்டி இழுக்கும் வலிப்பாம். அப்படியே மேலே சொல்லியிருக்கிறார். நமக்கு அது மூச்சு இழுப்பு — அட பாவமே, பனிக்காலத்தில் எந்த வீட்டில் இல்லை? எதிர்வீட்டு ராசாத்தி மகனுக்கும்தான் இழுக்கிறது. அவனுக்கு ஊசியே போடவில்லை. அதனால் அவளை யாரும் கேட்கவில்லை.
"அப்ப எம்புள்ளைய ஊசி கொல்லலையா?"
"நீங்க சொன்னத மட்டும் வச்சு ஆமான்னும் சொல்ல முடியாது, இல்லேன்னும் சொல்ல முடியாதும்மா. போன வருஷமும் இழுத்துச்சா?"
இழுத்தது. பிறந்ததிலிருந்து எல்லா மார்கழியும். இதுவரை யார் கேட்டார்கள்?
யார் மேலாவது கோபம் வருமா என்று பார்த்தேன். வரவில்லை.

18-1-1982
அல்லிக்கு ஊசி போடக் கிளம்பினேன். "இதுக்கும் ஏதாச்சும் ஆயிட்டா?" என்றார் வீட்டுக்காரர்.
"தெரியலங்க. ஆனா இருமி இருமி நீலமாவறத என்னால பாக்க முடியாது."
காரைக்காலுக்கு பஸ் ஏறினேன். அல்லிக்கு ஊசி போட்டாயிற்று.

23-1-1982
நர்ஸம்மா வந்தார். அல்லிக்கு ஒரு ராத்திரி காய்ச்சல், தொடையில் வீக்கம், சரியாகிவிட்டது என்றேன். தயங்கி, "பெரியவனுக்கு என்ன செஞ்சுச்சு, மறுபடி சொல்றீங்களா?" என்றார்.
அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. வாயைத் திறந்து, அவன் கடைசியில் விட்ட மாதிரியே மூச்சு விட்டுக் காட்டினேன். அப்புறம் நிறுத்த முடியவில்லை. நான் அழுகிறேன் என்பது நர்ஸம்மா என் கையைப் பிடித்த பிறகுதான் தெரிந்தது.