அந்த வெள்ளை முடிக்கற்றை அக்காவுக்கு மட்டும்

என் செல்ல அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஆறு வருடம் ஆகிறது. இப்போதும் பியூலா அக்காவைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. உங்களிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது?

உங்கள் நெற்றிக்கு மேல் இருந்த அதே வெள்ளை முடிக்கற்றை அவளுக்கு. அதே நீலக் கண். எனக்கு முடியும் கண்ணும் அம்மாவின் கறுப்புதான். சர்ச்சில் எல்லோரும் அவள் கன்னத்தைக் கிள்ளி, "அப்பன அப்டியே உரிச்சு வச்சிருக்கு" என்பார்கள். அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அந்தப் பாராட்டையும் நான்தான் கேட்டுத் தொலைக்க வேண்டும். வேலை விட்டு வந்ததும் நீங்கள் அவளோடு கைஜாடையில் பேச உட்கார்ந்துவிடுவீர்கள். நான் குறுக்கே வந்தால், "இரும்மா, இவகிட்ட பேசிட்டு வர்றேன்."

மூன்றாம் வகுப்பில் நான் செய்த கூத்து நினைவிருக்கிறதா? ராணிப்பேட்டையில் நீங்கள் தோல் பதனிட்ட டேனரிக்கு உங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள், தொட்டியிலிருந்து சுண்ணாம்பை அள்ளி முன்முடியில் பூசிக்கொண்டேன். வெள்ளையாகும் என்று நினைத்தேன். தோலிலிருந்து முடியை உதிர்க்கத்தான் அந்தச் சுண்ணாம்பு என்று யோசிக்கவில்லை. "இன்னாடி பண்ணிட்ட!" என்று தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடினீர்கள். முடி கொத்தாக வந்தது. இரண்டு நாள் என்னை மடியிலிருந்து இறக்கவில்லை. அந்த எரிச்சலிலும் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இப்போது அக்கா மாசமாக இருக்கிறாள். குழந்தைக்குக் காது கேட்குமா என்று கேட்க வேலூரில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். அக்கா, நான் இருவர் ரத்தத்தையும் எடுத்தார்கள். பேக்ஸ்-3 என்று ஒரு மரபணுவாம். மற்ற மரபணுக்களை வேலை செய்ய வைக்கும் புரதம் ஒன்றை அது உண்டாக்குமாம். கருவில் நிறம் தரும் செல்கள் முடிக்கும் கண்ணுக்கும் உள்காதுக்கும் போய்ச் சேர அது வேண்டுமாம். அதில் ஒரு சின்னப் பிழை. உங்களுக்கு முடியோடும் கண்ணோடும் நின்றது, அக்காவின் காதையும் எடுத்துக்கொண்டது. அந்தப் பிழை குழந்தைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார்.

"உனக்கு அது இல்லம்மா, சந்தோஷமா போ" என்றார் என்னிடம். வராந்தாவுக்கு வந்து அழுதேன். ரத்தத்தில்கூட நீங்கள் அவளுக்குத்தானா?

அக்கா என்னை நிறுத்தி ஜாடையில் கேட்டாள், "எதுக்கு அழற?" அழுத காரணத்தைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"அப்பா குரல் உனக்குத்தானே கெடச்சுது? நீங்க ரெண்டு பேரும் பேசறப்போ வாயையே பாத்துட்டு இருப்பேன். எவ்ளோ பொறாமையா இருக்கும் தெரியுமா? அது எப்படி இருக்கும், சொல்லேன்."

தெரியாது என்று கையை விரித்துவிட்டேன், அப்பா. என்னிடம் மட்டும் இருக்கிற ஒரே சொத்து, பங்கு போட மனசு வரவில்லை. பத்து நாளாகிறது. அவள் மறுபடி கேட்கவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சொல்லிவிடுகிறேன். குரலைக் கையால் எப்படிச் சொல்வது என்று தெரியாது, முயன்று பார்க்கிறேன். இன்னொன்றையும் சொல்வேன். கடைசி நாளில் கை தூக்க முடியாமல் நீங்கள் வாய்விட்டுக் கூப்பிட்டது "பியூலா" என்றுதான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தாள். கேட்ட நான் அவள் தோளைத் தொடவில்லை.

இன்னும் பொறாமை தீராத உங்கள் சின்ன மகள்,
ரூபி