கட்டிலுக்கும் மெஷினுக்கும் நடுவே ஒரு நூல்

ஜூன் 2

அன்புள்ள நெட்டைத் தம்பிக்கு,

இங்கே நலம். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது ஏன் எழுதுகிறாள் என்று யோசிக்காதே. பக்கவாதத்தில் அம்மாவுக்குப் பேச்சுதான் போனது. காது இன்னும் பாம்புக்காதுதான். இந்த இரண்டு அறை வீட்டில் எங்கே நின்று பேசினாலும் கேட்டுவிடுவாள். கேட்டால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

நீ ஏற்பாடு செய்த பகல் நர்ஸை நிறுத்திவிட்டேன். நல்ல பெண்தான். ஆனால் அவள் ஊட்டினால் அம்மா வாயைத் திறக்கவில்லை. நான் கிண்ணத்தை வாங்கியதும் திறந்தாள். பிறகு எதற்கு அவள்?

நானே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். தடித்த நூலின் ஒரு முனை அம்மாவின் நல்ல கையில், மறுமுனை என் மணிக்கட்டில். நான் முன்னறையில் தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பேன். அவள் இழுத்தால் ஓடுவேன். பள்ளி திறக்கப் போவதால் சீருடைத் துணி மலையாகக் குவிந்திருக்கிறது. தையல்காரி மூளையைப் பார்த்தாயா?

அன்புடன்,
அக்கா

ஜூன் 11

அன்பு அக்காவுக்கு,

உன் மூளையை மெச்சிக்கொண்டிருந்தபோதுதான் எதிர்வீட்டு டீச்சர் போன் செய்தார். குழாயடியில் குடம் நிரம்பி வழிய வழிய நீ அப்படியே நின்றாயாம். "உங்க அக்கா கண்ணைத் திறந்துக்கிட்டே தூங்குறாங்க" என்றார். எனக்கு அதற்குப் பிறகு வேலை ஓடவில்லை.

கிரேன் ஓட்டும் எங்களுக்கு ஒரு விதி உண்டு. இறங்கும் நேரம் வந்தால் இறங்கியே தீர வேண்டும். இன்னும் தெம்பாக இருக்கிறேன் என்று சொல்கிறவனைத்தான் மேஸ்திரி முதலில் இறக்குவார். நர்ஸைத் திரும்பக் கூப்பிடு. அம்மா ஒரு நாள் அடம்பிடிப்பாள், பசித்தால் திறப்பாள். நீயும் படுத்துவிட்டால் அந்த நூலை யார் கட்டிக்கொள்வது?

உன் தம்பி

ஜூன் 19

தம்பிக்கு,

டீச்சரை எனக்குக் காவல் வைத்திருக்கிறாயா? கடல் தாண்டி உட்கார்ந்து உபதேசம் செய்வது சுலபம். பசித்தால் திறப்பாள் என்று எழுத உனக்கு எப்படி மனம் வந்தது? புண் வராமல் அவளைப் புரட்டிப் படுக்க வைப்பதும், எந்தப் பக்கம் வலிக்கிறது என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பதும் வேறு கைக்கு வருமா?

எனக்கு ஒன்றுமில்லை. முந்தாநாள் ஒரு சட்டைக்கு இரண்டு இடது கை வைத்துத் தைத்துவிட்டேன், அவ்வளவுதான். பிரித்துச் சரிசெய்தாயிற்று. இனி இதைப் பற்றி எழுதாதே.

அக்கா

ஜூன் 25

அன்புத் தம்பிக்கு,

அம்மா கட்டிலிலிருந்து விழுந்ததையும் நெற்றியில் தையல் போட்டதையும் போனில் சொன்னேன். எப்படி விழுந்தாள் என்று சொல்லவில்லை. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மதியம் காலர் தைத்துக்கொண்டிருந்தேன். துணியில் நூல் தொங்கினால் கத்தரிப்பது கை பழகிய வேலை, கண் பார்க்கக்கூடத் தேவையில்லை. ஏதோ ஒரு நூல் தொங்கி அசைந்தது. கத்தரித்துவிட்டேன். அது என் மணிக்கட்டு நூல் என்று உறைக்கவே இல்லை. காலரைத் தொடர்ந்து தைத்தேன். அந்தப் பக்கம் அம்மா இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, தானே இறங்கப் பார்த்திருக்கிறாள். நான் ஓடியபோது நூல் முழுவதும் சுருண்டு அவள் கையில் கிடந்தது. அறுந்துபோய்விட்டது என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. விழுந்த சத்தம் கேட்டதும் முதலில் எனக்கு வந்தது பயம் இல்லை, சலிப்பு. இன்னும் ஒரு வேலையா என்றுதான் நினைத்தேன். அம்மா மேல் எனக்கு இப்படி ஒரு நினைப்பு வருமா? என்னை நினைத்தால் எனக்கே பயமாக இருக்கிறது. வா தம்பி.

அக்கா

ஜூலை 1

அன்பு அக்காவுக்கு,

போனில் சொன்னதை எழுத்திலும் வைக்கிறேன். நீ பேச்சை மாற்றுவாய் என்று தெரியும். லீவு கிடைத்துவிட்டது. அடுத்த வாரம் வருகிறேன். நான் வந்த மறுநாள் நீ உன் பள்ளித் தோழி வீட்டுக்குக் கிளம்புகிறாய். ஒரு வாரம் அங்கேயே இரு. நர்ஸிடமும் பேசிவிட்டேன். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. இத்தனை நாள் உன்னை இறக்கிவிட ஆளில்லாமல் வைத்திருந்தேனே, அந்தக் கோபம்தான் என்மேல் இருக்கிறது.

உன் தம்பி

ஜூலை 16

அன்புத் தம்பிக்கு,

இன்று வருவதாகச் சொல்லியிருந்தேன். பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை போனேன். பஸ் வந்து நின்றது, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. நான் ஏறவில்லை. ஏற மனமில்லை.

இங்கே தோழி வீட்டுக்கு வந்த நாள் முதல் தூக்கம்தான். உயிரோடு இருக்கிறேனா என்று அவள் என் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாளாம். அம்மா இப்போது நர்ஸ் கையில் சாப்பிடுகிறாள் என்று நீ சொன்ன அன்று, சந்தோஷப்பட வேண்டியவள் உட்கார்ந்து அழுதேன். என் கையில் மட்டும்தான் சாப்பிடுவாள் என்பதைப் பிடித்துக்கொண்டே இத்தனை நாள் நின்றிருக்கிறேன். அதுவும் போனால் நான் யார் என்று பயந்திருக்கிறேன்.

எனக்கு இன்னும் ஒரு வாரம் வேண்டும். திரும்பி வந்த பிறகும், நீ ஊருக்குப் போன பிறகும், நர்ஸ் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எனக்கு ஓய்வு.

இந்தக் கடிதத்தை மட்டும் மறைக்காதே. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படி.

அம்மா, கேட்கிறாயா? அன்றைக்கு நூல் அறுந்துபோகவில்லை. தூக்கக் கலக்கத்தில் நான்தான் கத்தரித்தேன். நான் ரொம்பக் களைத்துவிட்டேன், அம்மா.

தம்பி, நூலின் மறுமுனையை உன் கையில் கட்டிக்கொண்டு படி. படித்து முடித்ததும் அவள் இழுத்தால், கோபமா சம்மதமா என்று முகத்தைப் பார்த்து எனக்கு எழுது. எதுவானாலும் அடுத்த வாரம்தான் வருவேன்.

உங்கள் இருவருக்கும் அன்புடன்,
அக்கா