சனிக்கும் செவ்வாய்க்கும் நடுவில்

இன்று மத்தியானம் எங்கள் துணிக்கடைக்குப் பக்கத்து ஜூஸ்காரர் எலுமிச்சம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தார். சாப்பாட்டு நேரம், அவசரமாக அவரைத் தாண்டிப் போனவள் அந்த வாசனை வந்ததும் அப்படியே நின்றுவிட்டேன். பாண்டிச்சேரி நேரு வீதியில் ஜனம் இடித்துக்கொண்டு போகிறது. ஒரு ஆட்டோக்காரர் "வூட்ல சொல்லிட்டு வந்தியாம்மா?" என்று கேட்டே விட்டார். அப்போதுதான் நகர்ந்தேன்.

"ஒரு துண்டு நாக்குல வச்சிக்கினா அர மணி நேரம் தண்ணி கேக்காதுக்கா" என்பாய். டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்குத் தண்ணீர் அளந்துதான். ஒரு நாளைக்கு உனக்கு ஒரு சின்ன பாட்டில். மற்றதெல்லாம் எலுமிச்சைத் துண்டை வைத்து ஏமாற்றினாய். நான் ஒரு சொம்பு தண்ணீரை மடக் மடக்கென்று குடிப்பதைப் பார்த்து, "குடி குடி, ரெண்டு பேருக்கும் சேத்துக் குடி" என்று சிரிப்பாய். நீ போன பிறகு நான் தண்ணீரை அப்படிக் குடித்ததே இல்லை.

நாம் சந்தித்த இடம் கோரிமேட்டுப் பக்கத்து டயாலிசிஸ் சென்டர். என் அப்பாவுக்கு ஜன்னலோரக் கட்டில், உனக்கு அடுத்த கட்டில். செவ்வாய், வியாழன், சனி, காலை ஆறு மணி ஷிப்ட். நான்கு மணி நேரம் உன் இடது கையில் இரண்டு ஊசி ஏறியிருக்கும், அந்தக் கையை அசைக்கக் கூடாது. போனை டிபன் பாக்ஸில் சாய்த்து வைத்துக்கொண்டு, வலது கையால் மட்டும் ஒரு கேம் ஆடப் பார்ப்பாய். கட்டுமரத்தில் போகிற ஒரு பெண். கடலுக்குள் மூழ்கிப்போன ஊரிலிருந்து விளக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து வர வேண்டும். கட்டுமரத்தைத் திருப்ப ஒரு கட்டைவிரல், துடுப்பு போட இன்னொன்று. உனக்கு இருந்ததோ ஒன்று. ஒவ்வொரு தடவையும் அவள் பாறையில் மோதிச் செத்துப்போவாள்.

"அக்கா, சும்மாதான குந்தினு இருக்க, அந்த பட்டன கொஞ்சம் அமுக்கேன்."

நீ என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். பேர்கூடக் கேட்கவில்லை. நாற்பது வயதில், துணிக்கடை பில் மிஷினைத் தவிர வேறு பட்டன் தெரியாதவள் நான். அன்றிலிருந்து நீ திருப்பினாய், நான் துடுப்பு போட்டேன். அவசரத்தில் நான் தப்பாக அமுக்கினால், "யக்கா, இது பில்லு இல்ல, கடலு" என்று வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்துவாய். அப்பா வலியை மறந்து சிரித்தது அந்த மாதிரிக் காலைகளில்தான்.

அப்பா போன பிறகும் சனிக்கிழமைகளில் வந்தேன். மூலக்குளத்திலிருக்கும் எங்கள் வீட்டிலிருந்து அந்த நேரத்துக்குப் பஸ் பிடிப்பது லேசு இல்லை. "அப்பாதான் இல்லியே, இன்னும் எதுக்கு ஓடுற?" என்று வீட்டுக்காரர் கேட்டார். துடுப்பு போட ஆள் இல்லை என்றேன். அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், காய்ச்சலோ என்று.

நீதான் அந்த கேமைச் செய்தவர்களுக்கு மெயில் எழுதினாய். பெங்களூரில் மூன்று பேர், எல்லாம் சின்ன வயசு. என் மாதிரி ஆளுங்களும் ஆடணும், ஒரு கையால் ஆட வழி பண்ணுங்க என்று கேட்டாய். பதில் வந்த அன்று போனை என் முகத்தில் இடிக்காத குறையாக நீட்டினாய். செய்துகொண்டிருக்கிறோம், ஐப்பசியில் பெங்களூரில் நடக்கிற கேமிங் கண்காட்சியில் மேசை போடுகிறோம், முதலில் நீங்கள்தான் ஆடிப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள்.

"மூணு நாளு மிஷின் என்ன ஓட்டுது. மிச்ச நாலு நாளு நான்தான ஓட்டணும்? போறோம்க்கா" என்றாய்.

பிளான் போட உட்கார்ந்தாய். பழைய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகளின் பின்பக்கம்தான் உன் நோட்டு. சனிக்கிழமை காலை டயாலிசிஸ், சாயங்காலம் விழுப்புரம் போய் ரயில், ஞாயிறு முழுக்கக் கண்காட்சி, திங்கள் திரும்பினால் செவ்வாய் மறுபடி கட்டில். சனிக்கும் செவ்வாய்க்கும் நடுவிலிருந்த அந்த இடைவெளிக்குள் ஒரு பெங்களூரையே மடித்து வைத்தாய். லாட்ஜ் வேண்டாம், உன் பெரியம்மா மகள் சிஸ்டராக இருக்கிற கன்னியர் மடத்தில் விருந்தினர் அறை உண்டு, உப்பில்லாமல் கஞ்சி வைத்துத் தருவார்கள். "லாட்ஜுக்கு அழுவுற காசுல ஒரு மாச மாத்திர வாங்கிடலாம்." ஏ.சி. பெட்டி வேண்டாம், ஸ்லீப்பரே போதும், ஆனால் கீழ் பெர்த், இடது கை சுவர்ப் பக்கம் அமுங்காத மாதிரி. வழிக்கு இட்லியும் சர்க்கரையும், ஏனென்றால் பொடியில் உப்பு, உப்பு தின்றால் தாகம். உப்பில்லாத பொரி ஒரு பை. கண்காட்சியில் விற்கிற சிப்ஸைக் கண்ணால் மட்டும் பார்க்கலாம். ஒரு மணி நேரத்துக்கு ஒருதரம் பத்து நிமிஷம் உட்கார வேண்டும், கூட்டத்தில் மாஸ்க் போட வேண்டும், காதில் பஞ்சு. பை தூக்குவது அக்கா. ஏதாவது ஆனால் போக வேண்டிய ஆஸ்பத்திரிக்கு மடத்திலிருந்து எத்தனை நிமிஷம் என்பதுவரை எழுதியிருந்தாய்.

டாக்டர் அதைப் படித்துவிட்டு, "ஒரு ஜெராக்ஸ் குடும்மா, மத்த பேஷண்டுக்கும் காட்டுறேன்" என்றார். அரியாங்குப்பத்தில் உன் வீடு வரை கால் தரையில் படாமல் போனாய். உன் அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள். "அந்த அக்கா கூட வந்தா போ. வேற யாரு கூடவும் அனுப்ப மாட்டேன்."

அதுவரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நீ ஒத்திகை பார்க்க வேண்டும் என்றாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாசஞ்சரில் விழுப்புரம் போய்வரலாம், உடம்பு எப்படி இருக்கிறது என்று தெரிந்துவிடும் என்றாய். போனோம். ஸ்டேஷனுக்கு வெளியே நல்ல வெயில். நடந்துகொண்டே இருந்தவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, கண்ணு இருட்டுது" என்று படியில் உட்கார்ந்துவிட்டாய்.

நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியும். ஓடிப்போய் ஒரு இளநீர் வெட்டச் சொல்லி, ஸ்ட்ரா போட்டு, உன் வாயில் வைத்தேன். நம் ஊரில் மயக்கம் என்றால் இளநீர்தானே. பிறந்ததிலிருந்து கையும் காலும் அப்படித்தான் பழகியிருக்கிறது. ஆனால் சிறுநீரகம் போனவர்களுக்கு இளநீர் விஷம். அதிலிருக்கும் பொட்டாசியம் இதயத்தையே நிறுத்திவிடும். அது எனக்குத் தெரியாதா? ஐந்து வருஷம் அப்பாவுக்கு ஒரு சொட்டு கொடுக்காமல் பார்த்துக்கொண்டவள் நான். பதற்றத்தில் எல்லாம் போய்விட்டது.

நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு கையால் தள்ளினாய். "இன்னாக்கா, கொல்லப் பாக்குறியா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். காலையில் தாகத்துக்குப் பயந்து சரியாகச் சாப்பிடவில்லை என்று நீயே கண்டுபிடித்து, பையிலிருந்து ரொட்டி எடுத்துத் தின்று, கொஞ்ச நேரத்தில் எழுந்தும் விட்டாய். "காசு குடுத்தது வீணாவக் கூடாது, நீ குடி, நான் பாக்குறேன்" என்று என்னைக் குடிக்க வைத்து, நான் ஒவ்வொரு வாய் உறிஞ்சும்போதும் நீயும் விழுங்கிக் காட்டினாய். திரும்பும்போது ரயிலில் பிளானில் ஒரு வரி சேர்த்தாய்: காலையில் கட்டாயம் சாப்பிட வேண்டும். உனக்கு ஒத்திகை வெற்றி. எனக்கு மட்டும் வீடு வந்து சேர்ந்த பிறகும் உன் வாயில் நான் வைத்த ஸ்ட்ராதான் கண்ணில் நின்றது.

அந்தப் பயம் போகவே இல்லை. ஒரு படிக்கட்டிலேயே இப்படி என்றால், தெரியாத ஊரில் நான் என்னவெல்லாம் செய்து வைப்பேன்? அப்பாவை ஏற்கனவே கொடுத்தாயிற்று. உன் அம்மாவின் முகத்தில் எப்படி விழிப்பேன்? இதை உன்னிடம் சொல்லியிருக்கலாம். எனக்கு வெட்கமாக இருந்தது. நீ சாவை இடது கையில் கட்டிக்கொண்டு சிரிக்கிறாய், நான் ஒரு இளநீருக்குப் பயப்படுகிறேன் என்று எப்படிச் சொல்வது?

டிக்கெட் எடுக்க வேண்டிய சனிக்கிழமை, உன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "தீபாவளி நேரம், மேனேஜர் லீவு தர மாட்டேன்னுட்டார்" என்றேன்.

நான் கேட்கவே இல்லை. இதை எழுதுவதற்குத்தான் இத்தனை சுற்றி வந்தேன். மேனேஜரிடம் நான் வாயே திறக்கவில்லை.

"பரவால்லக்கா. அடுத்த வருசம் ஆடி மாசமே அந்தாளு கால்ல உழுந்துடலாம்" என்று சொல்லிவிட்டு போனை எடுத்து டிபன் பாக்ஸில் சாய்த்தாய். அன்றைக்கு மூன்று தடவை பாறையில் மோதினோம். மூன்று தடவையும் நீ என்னைத் திட்டவில்லை.

கண்காட்சிக்கு முந்தின வெள்ளிக்கிழமை கடைக்கு போன் செய்தாய். பின்னால் பண்டிகைக் கூட்டம் இரைகிறது. "அக்கா, உங்க மேனேஜரு மனசு கினசு மாறினாரா? மாறினா சொல்லு, அன்ரிசர்வ்டுலயாச்சும் போயிடலாம்." எனக்கு அழுகை வந்தது. "இல்லம்மா" என்றேன். மேனேஜர் பத்தடி தூரத்தில் ஒரு பட்டுச்சேலையை மடித்துக்கொண்டிருந்தார்.

மாசி மாதம் உனக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றே நாள். எங்கேயும் போகாமல், வெயிலில் நிற்காமல், உன் வீட்டுக் கட்டிலில், உன் அம்மா பக்கத்தில் இருக்கும்போதே போய்விட்டாய். நான் காப்பாற்றி வைத்த லட்சணம் அது. கோயிலிலும் கல்லறையிலும் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார்கள். "உன்ன மாதிரி யாரும்மா பாத்துக்கினாங்க அவள" என்றார்கள். அந்தக் கையை உதறிவிட்டு ஓட வேண்டும்போல இருந்தது. ஓடவில்லை, சொல்லவும் இல்லை.

இந்த வருஷம் ஐப்பசி பிறந்ததும் மேனேஜரிடம் போனேன். சனிக்கிழமை சாயங்காலமும் ஞாயிறும் திங்களும் லீவு வேண்டும் என்றேன். அவர் கணக்கிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "போயிட்டு வாம்மா. செவ்வாக்கெழம கரெக்டா வந்துடு." அவ்வளவுதான், அரை நிமிஷம்கூட ஆகவில்லை. ஸ்டாக் ரூமுக்குள் போய்ப் புடவைக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

உன் பிளானை உன் அம்மாவிடமிருந்து வாங்கிக்கொண்டு போனேன். ஒரு வரி மாற்றவில்லை. கீழ் பெர்த், இட்லி, சர்க்கரை, பொரி, காதுக்குப் பஞ்சு. மடத்தில் சிஸ்டர் உப்பில்லாத கஞ்சியை வைத்துவிட்டு, "உங்களுக்கு உப்பு போட்டுக்கலாமே" என்றார். வேண்டாம் என்றேன்.

அந்த மண்டபத்தைப் பற்றி உனக்கு எப்படிச் சொல்வது? காது கிழிகிற சத்தம், ஆள் உயரத் திரைகள், வேஷம் கட்டிக்கொண்ட பிள்ளைகள். ஒரு மணி நேரத்துக்கு ஒருதரம் உட்கார்ந்தேன். மூன்றாவது தடவை எழுந்த பிறகுதான் கடைசி வரிசையில் நம் கட்டுமரக்காரியைப் பார்த்தேன். சின்ன மேசை, ஒரு திரை, ஒரு நாற்காலி. கண்ணாடி போட்ட ஒரு பெண் எங்கேயிருந்து வருகிறீர்கள் என்று கேட்டாள். தமிழ்ப் பெண்தான். பாண்டிச்சேரி என்றேன்.

அவள் எழுந்தே விட்டாள். "டயாலிசிஸ் அக்காவா நீங்க? டேய், வந்துட்டாங்கடா! அந்த அக்கா வந்துட்டாங்க!" மற்ற இரண்டு பேரும் ஓடி வந்தார்கள். "போன வருஷம் ரெண்டு நாளும் இந்தச் சேர்ல யாரையும் உக்கார விடலக்கா. நீங்கதான் முதல்ல உக்காந்து ஆடணும்னு நின்னுக்கிட்டே ஆடச் சொன்னோம் எல்லாரையும்."

நான் அவள் இல்லை என்றேன். நீ இப்போது உயிரோடு இல்லை என்றும் சொன்னேன். அந்தப் பெண் என்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்தாள். ஒற்றைக் கை ஆட்டத்தில் துடுப்பு தானாகவே போடுகிறது. திருப்புவது மட்டும்தான் ஆடுகிறவர் வேலை. அது உன் வேலை, நான் கற்றுக்கொள்ளவே இல்லை. முதல் பாறையிலேயே மோதினேன்.

"ஏன்க்கா போன வருஷம் வர முடியல? உடம்பு முடியலையா அவங்களுக்கு?"

மேனேஜர் என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. ஒரு வருஷமாக எல்லோரிடமும் அதைத்தான் சொல்லி வந்திருக்கிறேன். "நல்லாத்தான் இருந்தா. நான்தாம்மா பயந்துட்டேன்" என்றேன். "லீவே கேக்காம, லீவு இல்லன்னு பொய் சொல்லிட்டேன்."

அந்தப் பெண்ணுக்கு இருபத்து மூன்று வயதிருந்தால் அதிகம். மனதில் எதையும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. "பயமா இருக்குன்னு அவங்ககிட்டயே சொல்லியிருக்கலாமேக்கா" என்றாள்.

சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நீ முதலில் வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி என்னைத் திட்டியிருப்பாய். பிறகு இன்னொரு ரிப்போர்ட்டைத் திருப்பிப் போட்டு, மேலே 'அக்காவோட பயம்' என்று எழுதி, அடிக்கோடு போட்டு, அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாக எழுத ஆரம்பித்திருப்பாய். தாகத்துக்கும் உப்புக்கும் படிக்கட்டுக்கும் வழி கண்டுபிடித்தவளுக்கு அது ஒரே ஒரு பக்கத்து வேலை. நாம் போயிருப்போம். நீ அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பாய்.

பயமா இருக்கு என்ற அந்த ஒரு வார்த்தையை இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறேன், கொடுக்க ஆள் இல்லாமல்.